நூலுக்குக் கணக்கு உண்டு, ஸ்கேனுக்கு?

கோவையில் ஒரு நூற்பாலை மேலாளரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும், போன மாதம் பஞ்சில் எத்தனை சதவீதம் கழிவாகப் போனது, நூறு கதிருக்கு மணிக்கு எத்தனை முறை நூல் அறுந்தது என்று சொல்லிவிடுவார். பீளமேட்டில் பம்ப் செட் செய்கிறவரிடம், சோதனையில் தேறாமல் திரும்பியது எத்தனை என்று கேட்டால் பதிவேட்டைப் பிரித்துக் காட்டுவார். அதே ஊரில், காந்திபுரம் நூறடி சாலையிலிருந்து ராம் நகர், டாடாபாத் வரை பரவிக் கிடக்கும் ஸ்கேன் சென்டர்களில் ஏதாவது ஒன்றில் நுழைந்து, “போன மாதம் எத்தனை எக்ஸ்ரே சரியாக விழாமல் திரும்ப எடுத்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று மழுப்ப மாட்டேன், குறையாகத்தான் சொல்கிறேன். ஆனால், அங்கே வேலை செய்கிறவர்கள் மீதான குறை அல்ல. ராத்திரி ஷிஃப்டில் தனி ஆளாக சி.டி., எக்ஸ்ரே இரண்டையும் பார்த்துக்கொண்டு, ரிசப்ஷன் போனையும் எடுக்கும் டெக்னீஷியனிடம் போய் ‘தரம்’ என்று பாடம் நடத்துவது அநியாயம். தவறைத் தவறு என்று எழுதிவைக்க ஓர் இடம் இல்லாததுதான் குறை.

காந்திபுரத்துக்கு வந்து சேரும் நோயாளி யார் என்று பார்த்தாலே ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். சத்தியமங்கலம், கோபி, அவிநாசி, திருப்பூர், ஈரோடு பேருந்துகள் இங்கேதான் வந்து நிற்கின்றன. உள்ளூர் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்க, விடியற்காலை வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, படம் எடுத்து, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று வருகிறவர்கள். படம் எடுப்பவருக்கு அவரை முன்பின் தெரியாது. எழுதிக் கொடுத்த டாக்டர் அறுபது, எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் சில சமயம் வேறு ஊரில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இந்த மூவருக்கும் நடுவே போய்வருகிற ஒரே ஆள் நோயாளி. அவருக்கோ அந்த ரிப்போர்ட்டின் ஆங்கிலம் புரியாது. தவறு நுழைய இதைவிட வசதியான ஏற்பாடு வேறு வேண்டுமா?

திரும்ப எடுக்கும் எக்ஸ்ரேயிலிருந்தே தொடங்கலாம். பிலிம் இருந்த காலத்தில் கெட்டுப்போன ஒவ்வொரு படமும் காசு. டார்க் ரூம் மூலையில் சேர்ந்து கிடக்கும் பிலிமை முதலாளி எண்ணுவார்; அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்கு வாங்கிப்போகவும் ஆள் வருவார். டிஜிட்டல் வந்ததும் அந்தக் குவியல் கண்ணில் படாமல் போய்விட்டது. சரியில்லாத படத்தை ஒரு பொத்தானைத் தட்டி அழித்துவிடலாம். உடம்பில் பாய்ந்த கதிரை அப்படி அழிக்க முடியாது. ஏன் திரும்ப எடுக்கிறார்கள் என்று பார்த்தால் காரணங்கள் மிக எளியவை: நுரையீரலின் உச்சியில் விழுந்து கட்டி போலத் தெரியும் சடைப்பின்னல், கழற்ற மறந்த தாயத்து, அவசரத்தில் சொன்ன “மூச்சை இழுத்துப் புடிங்க” காதில் விழாத பாட்டி. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரை, திரும்ப எடுக்கும் படங்கள் நூற்றுக்கு 8-க்குள் இருக்க வேண்டும், 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும் என்கிறது. இன்றைய எந்திரங்கள் பலவற்றில் இந்தக் கணக்கு உள்ளேயே பதிவாகிறது. மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

சி.டி.யில் விஷயம் இன்னும் கனமானது. வேலூர் சி.எம்.சி.யின் கதிரியக்கத் துறையிலிருந்து 2011-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நிதியில், தமிழ்நாட்டில் இயங்கிய 127 சி.டி. எந்திரங்களுக்கு நேரில் போய்க் கதிரின் அளவை எடுத்தார்கள். அவற்றில் 17 எந்திரங்கள் பழையதை வாங்கிப் புதுப்பித்தவை. நெஞ்சு சி.டி. ஒன்றுக்கு நோயாளி சராசரியாக வாங்கிக்கொண்டது 8 மில்லிசீவர்ட். இயற்கைச் சூழலிலிருந்து உலகில் ஒருவர் ஓராண்டு முழுக்கப் பெறுவது சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்தான். அந்த ஆய்வு தமிழ்நாட்டுக்கென்று, ஒரு ஸ்கேனில் எந்திரம் செலுத்தும் மொத்தக் கதிருக்கு ஒப்பீட்டு அளவுகளையும் கொடுத்தது: நெஞ்சுக்கு 557, வயிற்றுக்கு 521, இடுப்புக்கு 294 மில்லிகிரே-சென்டிமீட்டர். இதைத் தாண்டினால் குற்றம் என்று அர்த்தமில்லை. உங்கள் சென்டரில் வழக்கமாகவே இதைத் தாண்டுகிறது என்றால் எந்திரத்தின் செட்டிங்கை ஒருமுறை பாருங்கள் என்பதுதான். ஆய்வு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, எந்திரங்களும் மாறிவிட்டன. ஆனால் ஒவ்வொரு சி.டி. முடிந்ததும் அதே அளவு கன்சோல் திரையில் தானாக வந்து நிற்பது மாறவில்லை. அதை எழுதி, கூட்டி, பக்கத்துச் சென்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் யாருடைய வேலையும் இல்லாமல் கிடக்கிறது.

திரையில் நிற்கும் எண்ணை யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் சீடார்ஸ்-சினாய் மருத்துவமனை சாட்சி. பக்கவாத நோயாளிகளுக்கு எடுக்கும் மூளை சி.டி.யின் செட்டிங்கை 2008-இல் மாற்றினார்கள். உத்தேசித்ததைப்போல் எட்டு மடங்கு கதிர் பாய ஆரம்பித்தது. பதினெட்டு மாதங்கள், இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். எந்திரமும் கண்டுபிடிக்கவில்லை, பொறியாளரும் கண்டுபிடிக்கவில்லை. 2009-இல் ஒரு நோயாளி முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறதே என்று வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. உலகின் பேர்பெற்ற மருத்துவமனைகளில் ஒன்று அது. நம்மூரில் சி.டி. எடுத்து மூன்று வாரம் கழித்து முடி கொட்டினால் என்ன சொல்வோம்? தண்ணீர் சரியில்லை என்போம்.

எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். இங்கே கதிர் கிடையாது, அதனால் பயமும் கிடையாது. அந்தப் பயமின்மைதான் ஆளைக் கொல்கிறது. 2018 ஜனவரி 27 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினரின் தாயாருக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்தார். எடுத்துவரச் சொன்னது ஊழியர். எந்திரம் ஆஃப்-இல்தான் இருக்கிறது என்று சொன்னதும் அவரே என்று குடும்பத்தார் கூறினார்கள். காந்தம் சிலிண்டரோடு சேர்த்து அவரை இழுத்துக்கொண்டது. கசிந்த ஆக்ஸிஜனைச் சுவாசித்து சில நிமிடங்களில் இறந்துபோனார். அதற்குச் சுமார் மூன்று வருடம் முன்பு, 2014 நவம்பரில், அதே மும்பையை ஒட்டிய கார்கரில் டாடா நினைவு மையத்தின் ஆய்வு மருத்துவமனையில் ஒரு வார்டு பாயும் டெக்னீஷியனும் சிலிண்டருக்கும் எந்திரத்துக்கும் நடுவே சுமார் நாலு மணி நேரம் சிக்கிக் கிடந்தார்கள். காந்தத்தின் சக்தியை அவசரமாக இறக்கும் ஏற்பாடு கைகொடுக்கவில்லை. 2014-இல் நடந்தது 2018-இல் இன்னொரு மருத்துவமனையின் காதுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த இளைஞர் இன்று உயிரோடு இருந்திருக்கலாம். 2025 ஜூலையில் நியூயார்க் அருகே வெஸ்ட்பரியில் இன்னொரு சாவு. ஸ்கேன் முடிந்த மனைவியை எழுப்பிவிட உள்ளே போன 61 வயதுக்காரர் கழுத்தில், உடற்பயிற்சிக்காகப் போடும் கனமான இரும்புச் சங்கிலி. பணக்கார நாடு, ஏழை நாடு என்று காந்தம் பார்ப்பதில்லை.

பலருக்கும் தெரியாத விஷயம் இது: எம்.ஆர்.ஐ. காந்தம் ஒருபோதும் அணைவதில்லை. 1.5 டெஸ்லா எந்திரம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாதபோதும், விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும், ஊரே மின்வெட்டில் கிடக்கும்போதும் அது அப்படியே இருக்கும். அதை இறக்க வேண்டுமானால் அவசரப் பொத்தானை அழுத்தி, குளிரூட்டும் திரவ ஹீலியத்தை ஆவியாக வெளியேற்ற வேண்டும். மறுபடி நிரப்பப் பல லட்சம் ஆகும். அந்தப் பொத்தானில் கை வைக்க ஊழியர் ஏன் தயங்குகிறார் என்பது இப்போது புரியும். உயிருக்கு ஆபத்து என்றால் யாரைக் கேட்காமலும் அழுத்தலாம், செலவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டோம் என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைக்க வேண்டும்.

அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி எம்.ஆர்.ஐ. இருக்கும் இடத்தை, யார் எதுவரை வரலாம் என்று நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கச் சொல்கிறது. காந்திபுரத்தில் வீடாக இருந்து ஸ்கேன் சென்டராக மாறிய கட்டடத்தில் நாலு வட்டாரத்துக்கு இடம் ஏது என்பார்கள். நியாயம்தான். பூட்டக்கூடிய ஒரு கதவும், அந்தச் சாவியை யாரிடமும் கொடுக்காத ஓர் ஆளும் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

மீதிப் பாதி, வாசலில் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. இங்கேதான் கோவைக்கென்று ஒரு தனிச் சங்கதி உண்டு. 1986-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று ஒரு நோயாளியின் கதையை வெளியிட்டது. முன்பு தகரப் பட்டறையில் வேலை பார்த்தவர். எம்.ஆர்.ஐ. எடுத்து முடித்ததும் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. எப்போதோ கண்ணுக்குள் தெறித்துத் தங்கிவிட்ட இரும்புச் சில்லு காந்தத்தில் நகர்ந்து உள்ளே ரத்தக்கசிவை உண்டாக்கியிருந்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க எம்.ஆர்.ஐ. கேள்வித்தாளில் கண்ணைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. அமெரிக்காவில் அது நூற்றில் ஒருவருக்குப் பொருந்தும் கேள்வியாக இருக்கலாம். கணபதி, சிங்காநல்லூர், குறிச்சி சிட்கோ என்று தெருவுக்குத் தெரு லேத்தும் ஃபவுண்டரியும் இருக்கும் ஊரில் அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். நம்மூர்ப் பட்டறையில் கண்ணில் பொறி படுவது பெரிய சமாசாரமே இல்லை. பக்கத்தில் நிற்பவர் இமையை விரித்து, துணி நுனியைச் சுருட்டி எடுத்துவிடுவார். ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி கிரைண்டிங். முப்பது வருடம் கழித்து முதுகுவலி என்று அதே ஆள் எம்.ஆர்.ஐ.க்கு வந்து நிற்கிறார். “உடம்புல ஏதாச்சும் இரும்பு இருக்குதுங்களா?” என்று கேட்டால், எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்டை நினைத்துக்கொண்டு “இல்லீங்க” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. நாம்தான் சரியாகக் கேட்கவில்லை. “லேத்து, கிரைண்டிங், வெல்டிங் வேலை எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா? கண்ணுல பொறி பட்டிருக்குதுங்களா?” என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால், முதலில் கண்குழிக்கு ஓர் எக்ஸ்ரே. அதன் பிறகுதான் எம்.ஆர்.ஐ.

தாலி இன்னொரு சிக்கல். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று டெக்னீஷியனுக்குத் தெரியும். “பரவாயில்லீங்கம்மா, இருக்கட்டும்” என்று விட்டுவிடவும் கூடும். ஆனால் தாலிக்கொடியில் அவசரத்துக்கு உதவட்டும் என்று நாலு ஊக்கு மாட்டி வைத்திருப்பது நம் பெண்களின் வழக்கம். அந்த ஊக்கு எஃகு. காந்தப்புலத்தில் அம்பாகப் பாயும். பட்டுப்புடவையின் ஜரிகையும் உலோகம்தான், சூடேறிச் சுடக்கூடும். கழற்றச் சொன்னால் சில அம்மாக்கள் கண் கலங்குகிறார்கள், கூட வந்த மாமியார் முறைக்கிறார். ஒரு மஞ்சள் கயிறு தயாராக வைத்திருந்து, ஒரு பெண் ஊழியர் தனியறையில் கூப்பிட்டுப் பேசினால் தீர்ந்துபோகிற பிரச்சினை இது. எந்த நாட்டு வழிகாட்டி நூலிலும் இந்த மஞ்சள் கயிறு இருக்காது. ஏதோ ஒரு சென்டரில் ஏதோ ஒரு செவிலியர் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய யோசனை அடுத்த தெருவுக்குப் போக வழியில்லை, அவ்வளவுதான்.

ஆள் மாறிப்போவது அடுத்தது. கொங்குச் சீமையில் ஒரு காத்திருப்பு அறையில் நின்று “பழனிசாமி யாருங்க?” என்று கூப்பிட்டால் ஒருவர் மட்டும் எழுந்து வந்தால் அதிர்ஷ்டம். குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது, இனிஷியல்தான். அதையும் சீட்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள். பிறந்த தேதியை வைத்துச் சரிபார்க்கலாம் என்று வெளிநாட்டு நெறிமுறை சொல்கிறது. நம் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் இருக்கும் பிறந்த தேதி ஜனவரி 1. ஆகவே பெயரோடு ஊரையும், என்ன தொந்தரவுக்காக வந்திருக்கிறார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைப்பதுதான் நமக்கு ஒத்துவரும். “பழனிசாமிதானுங்களே? வலது முழங்காலுங்களா?” என்று கேட்டால், காது மந்தமான பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். “எந்தக் கால்ல வலிங்க, தொட்டுக் காட்டுங்க” என்று கேட்டால் இடதா வலதா என்ற குழப்பமே வராது.

உறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜப்பானில் 3,37,000-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 1990-இல் வெளிவந்த பெரிய ஆய்வின்படி, இப்போது புழக்கத்தில் இருக்கும் வகை மருந்தில் கடுமையான ஒவ்வாமை பத்தாயிரத்தில் நான்கு பேருக்கு வரும். குறைவுதான். ஆனால் அந்த நாலில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால், அட்ரினலின் எந்தத் தட்டில் இருக்கிறது, காலாவதி ஆகிவிட்டதா, போடத் தெரிந்தவர் யார் என்பதை அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

படம் நன்றாக விழுந்த பிறகும் ஆபத்து தீர்வதில்லை. அதை ஒரு மனிதர் படிக்க வேண்டும். 1949-இல் அமெரிக்கக் கதிரியக்க நிபுணர் லியோ ஹென்றி கார்லண்ட், அனுபவசாலிகளே கூட நோய் இருக்கும் நெஞ்சுப் படங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள் என்று எழுதியபோது சக மருத்துவர்கள் கொதித்துப் போனார்கள். 2013-இல் இன்னொரு சோதனை: நுரையீரல் சி.டி. படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தைச் சொருகி, 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் கட்டி தேடச் சொன்னார்கள். வழக்கமான கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா. இருபது பேர் அதைக் கவனிக்கவில்லை. இது திறமைக் குறைவு அல்ல, கண்ணும் மூளையும் வேலை செய்யும் விதம். அப்படி இருக்க, ஒரே மாலையில் எண்பது, நூறு படங்களுக்கு ரிப்போர்ட் எழுதுகிற ஒருவரிடம் தவறே வராது என்று நடித்துக்கொண்டிருப்பதால் யாருக்கு லாபம்? பித்தப்பையை எடுத்து இரண்டு வருடம் ஆனவருக்கு ‘பித்தப்பை இயல்பாக உள்ளது’ என்று அச்சடித்து வருவது மருத்துவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் பழைய கதை. கணினியில் இருக்கும் முன்மாதிரி வாசகத்தைத் திருத்த மறந்ததால் வருவது. ‘இல்லை’ என்ற ஒரு சொல் விட்டுப்போனால் சிரிக்க முடியாது.

இதற்கு மருந்து உலகத்துக்குத் தெரியும். ஒருவர் படித்ததில் ஒரு பங்கை இன்னொருவர் மறுபடி படிப்பது. முந்தைய படத்தோடு சேர்த்துப் படிக்கும்போது, அதில் தவறவிட்டது தெரிந்தால் குறித்துவைப்பது. மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து, யார் எழுதியது என்ற பெயரை மறைத்து, அந்தப் படங்களைப் பார்ப்பது. பிரிட்டனில் இத்தகைய கூட்டம் துறையின் வழக்கமான வேலைகளில் ஒன்று. அமெரிக்காவில் 2002 முதல் இதற்கென்றே ஒரு பொதுத் திட்டம் இருக்கிறது.

அதைவிட எளியது ஒரு போன். தலையில் ரத்தக்கசிவு என்று படத்தில் தெரிகிறது. ரிப்போர்ட் டைப்பாகி, கவரில் போட்டு, ரிசப்ஷனில் அடுக்கியிருக்கிறது. நோயாளியோ சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிராஸ்கட் ரோட்டுப் பக்கம் போயிருக்கிறார், அல்லது நாளைக்கு மகன் வந்து வாங்கிக்கொள்வான் என்று கோபி பஸ்ஸில் ஏறிவிட்டார். டாக்டரைக் கூப்பிடலாம் என்றால் சீட்டில் கிளினிக் பெயரும் பார்க்கும் நேரமும்தான் இருக்கின்றன. சீட்டு எழுதும் ஒவ்வொரு டாக்டரும் தன் மொபைல் எண்ணை அதில் எழுத வேண்டும். அவசரமான விஷயம் தெரிந்தால் ரேடியாலஜிஸ்ட் அவரைக் கூப்பிட்ட நேரத்தை ரிப்போர்ட்டிலேயே பதிய வேண்டும். இதற்கு எந்த எந்திரமும் வாங்க வேண்டாம்.

எழுதிக் கொடுக்கும் டாக்டர் என்றதும் கமிஷன் பேச்சு வராமல் இருக்காது. பரிந்துரைக்குப் பணம் வாங்குவதையும் கொடுப்பதையும் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. அது எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பதை வாசகருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேவையில்லாமல் எடுத்த சி.டி., எவ்வளவு நேர்த்தியாக எடுத்திருந்தாலும் தரமான சி.டி. ஆகாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-இல் தொடங்கிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எக்ஸ்ரே, சி.டி. எந்திரங்களுக்கு உரிமம் தருகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை, ஊழியர்களுக்கு மேலே படும் கதிரை அளக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் டி.எல்.டி. பேட்ஜ் எல்லாம் விதியில் உண்டு. ஆனால் 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை என்ன சொன்னது? நாட்டில் இருந்த 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 52,173, அதாவது நூற்றுக்கு 91, வாரியத்தில் பதிவே ஆகாதவை. அதன் பிறகு பதிவு இணைய வழிக்கு மாறி நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது. என்றாலும் உரிமம் என்பது எந்திரத்தைப் பற்றியது. எந்திரத்தை மனிதர்கள் தினமும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது அதற்குள் அடங்காது. இதே சென்டர்களில் கர்ப்பிணிகளுக்கான அல்ட்ராசவுண்ட் பதிவேட்டைப் பாருங்கள், ஒரு கட்டம் காலியாக இருக்காது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், எந்திரத்துக்கே சீல் வைப்பார்கள் என்ற பயம். கணக்கு எழுதத் தெரியாது, நேரமில்லை என்ற சாக்கெல்லாம் அங்கே எடுபடுவதில்லை. ஆக, முடியாது என்பதல்ல. கேட்பார் இல்லை என்பதுதான். வாசலில் மாட்டும் தரச்சான்றும் அப்படியே. சான்று வாங்கும் மாதத்தில் பதிவேடுகள் ஜொலிக்கும். அடுத்த சோதனைக்கு ஒரு மாதம் முன்பு மறுபடி ஜொலிக்கும்.

கேட்பார் யார்? தில்லியிலிருந்து வர வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. அவிநாசி சாலையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், சிட்ரா, 1950-களின் நடுவில் தொடங்கியது. ஒருவரோடு ஒருவர் கடும் போட்டியில் இருந்த ஆலை முதலாளிகள், தங்கள் கழிவு, உற்பத்தி, நூலின் தரம், செலவு ஆகியவற்றின் கணக்கை ஒரே இடத்தில் கொடுத்தார்கள். சிட்ரா அவற்றை ஒப்பிட்டு, எந்த ஆலை என்ற பெயர் வெளியே தெரியாமல் அறிக்கையாகத் திருப்பித் தந்தது. தன் ஆலை மற்றவர்கள் நடுவே எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஒவ்வொரு முதலாளியும் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். வெட்கப்படலாம், திருந்தலாம். கொரோனா வந்த 2020-இல் மருத்துவர்களின் கவச உடையை நாட்டிலேயே முதலில் சோதித்துச் சான்று தந்த கூடமும் அதே சிட்ராதான். பஞ்சுக்கு இதைச் செய்ய முடிந்த ஊருக்கு எக்ஸ்ரேவுக்குச் செய்ய முடியாதா?

வேண்டியது சில எண்கள்தான். திரும்ப எடுத்த எக்ஸ்ரே எத்தனை சதவீதம். நெஞ்சு, வயிறு சி.டி.க்கு வழக்கமான டோஸ் எவ்வளவு. எம்.ஆர்.ஐ. கதவு வரை வந்து தடுக்கப்பட்ட இரும்பு எத்தனை. பின்னால் திருத்தப்பட்ட ரிப்போர்ட் எத்தனை. சென்டரின் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண். கதவருகே தடுக்கப்பட்டவற்றை நான் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. விபத்து அபூர்வம், நூலிழையில் தப்பியது வாரம் ஒன்றாவது இருக்கும். கற்றுக்கொள்ள அதுவே போதும், ஒருவர் சாக வேண்டியதில்லை.

எழுதிவைத்தால் நாளைக்கு வக்கீல் கையில் சிக்கிவிடுமே என்று மருத்துவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவருக்கு அது நியாயமே. ஆனால் திருந்துவதற்காக எழுதும் உள் அறிக்கைக்கு அமெரிக்கா 2005-இல் ஒரு சட்டத்தால் பாதுகாப்புக் கொடுத்தது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. மாநில அரசு இதில் முன்னால் போகலாம். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. பேறுகால மரணம் ஒவ்வொன்றையும், யார் தலையை உருட்டலாம் என்றில்லாமல் எங்கே தாமதம் நேர்ந்தது என்று தேடித் தணிக்கை செய்யும் வழக்கம் இங்கே பல ஆண்டுகளாக உண்டு. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 2010–12-இல் 90 ஆக இருந்த தாய்மார் மரணம் 2018–20-இல் 54 ஆனதற்கு அந்தத் தணிக்கையும் ஒரு காரணம்.

அரசு மருத்துவமனைகளின் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. ஒரே நிர்வாகம், ஒரே மாதிரியான பதிவேடு. திருச்சி சாலையில் இருக்கும் கோவை அரசு மருத்துவமனையிலிருந்து இதைத் தொடங்கலாம். அங்கே கணக்கு வெளிவர ஆரம்பித்தால், இந்திய மருத்துவச் சங்கத்தின் கோவைக் கிளையும் கதிரியக்க நிபுணர்களின் சங்கமும் தனியார் சென்டர்களை அழைத்துவருவது கடினமாக இருக்காது. மாவட்ட நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டாலே பேச்சு ஆரம்பமாகிவிடும்.

அதுவரை காத்திருக்க முடியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய படத்தையும் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஸ்கேன் எதற்கு, பழையதே போதாதா என்று டாக்டரைக் கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்றால் எக்ஸ்ரே அறைக்கு வெளியிலேயே சொல்லிவிடுங்கள். துணைக்குப் போகிறவர்களும் எம்.ஆர்.ஐ. கதவைத் தாண்டாதீர்கள், யார் கூப்பிட்டாலும் தாண்டாதீர்கள். லேத்திலோ ஃபவுண்டரியிலோ எப்போதாவது வேலை பார்த்திருந்தால், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.